சருகு தின்னும் ஐசோபாட்டை வைத்து நச்சுச் சோதனை: முதல்முறை செய்கிறவர்களுக்கு

நான் முதல்முறை இந்தச் சோதனையைச் செய்தபோது, ஐந்தாம் நாள் காலையில் பெட்ரி தட்டுகளைத் திறந்து பார்த்தால் புழுக்கையெல்லாம் வெளுத்துக் கிடந்தது. சருகு தின்கிற பிராணி போடும் புழுக்கை கரும்பழுப்பாக, பொடிச் செங்கல் துண்டு மாதிரி இருக்க வேண்டும். இது சாம்பல் கலந்த வெள்ளை. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு அடியில் கிடந்த ஃபில்டர் பேப்பரைத் தூக்கிப் பார்த்தேன், ஓரமெல்லாம் அரித்திருந்தது. ஈரம் நிற்கட்டும் என்று நான் போட்ட தாளை அதுகள் ருசித்துத் தின்றுகொண்டிருக்க, நான் நோட்டில் "துத்தநாகம் தடவிய சருகு எடை குறையவில்லை, நச்சு விளைவு!" என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதி வைத்திருந்தேன்.

இந்தச் சோதனையில் நீங்கள் அளப்பது ஒன்றே ஒன்றுதான்: பிராணி எவ்வளவு தின்றது. தின்னாமல் இருக்க அதற்கு ஆயிரம் காரணம் உண்டு, நஞ்சு அதில் ஒன்று. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்த பிறகு மிஞ்சுவதுதான் நஞ்சின் கணக்கு. கீழே சொல்லப்போகும் படிகளில் முக்கால்வாசி அந்த அடைக்கிற வேலைதான்.

எந்தப் பிராணி, ஏன்

பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் சாம்பல் நிறத்தில் குடுகுடுவென ஓடும் பாருங்கள், அதுதான். ஆங்கிலத்தில் வுட்லௌஸ் என்பார்கள், ஆய்வகத்தில் ஐசோபாட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மரவட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இதற்குக் கால் ஏழு சோடிதான். பூச்சியும் கிடையாது, இறால் நண்டு வகையறா. தரைக்கு ஏறி வந்துவிட்டது, ஆனால் ஈரத்தை விட்டுப் பிரிய முடியாமல் தவிக்கிறது. மட்கும் சருகைத் தின்று பொடியாக்கி மண்ணில் சேர்ப்பது இதன் தொழில். ஆக, சருகில் விழுந்த கன உலோகமோ பூச்சிமருந்தோ நேராக இதன் வயிற்றுக்குத்தான் போகிறது.

இதைப் பெரிதாக ஆராய்ந்தவர்களில் ஸ்டீவ் ஹாப்கின் முக்கியமானவர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் ஏவன்மவுத் என்ற இடத்தில் பெரிய உலோக உருக்காலை ஒன்று இருந்தது, 2003-ல் மூடிவிட்டார்கள். அதன் சுற்றுவட்டத்தில் துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு எல்லாம் சருகில் படிந்து கிடந்தன. ஆலைக்கு அருகே போர்செல்லியோ ஸ்கேபர் என்ற ஐசோபாட் இனமே காணோம். நாலு உலோகத்தில் எது காரணம்? காட்மியம் என்றுதான் யாரும் முதலில் கை காட்டுவார்கள். ஹாப்கினும் ஹேம்ஸும் 1994-ல் வெளியிட்ட கட்டுரை துத்தநாகத்தைக் காட்டியது. இந்தப் பிராணி உலோகத்தையெல்லாம் தன் செரிமானச் சுரப்பிக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும் வித்தைக்காரன், அப்படியும் துத்தநாகம் அளவுக்கு மீறி வந்தால் தாங்கவில்லை. நீங்களும் துத்தநாகத்திலேயே ஆரம்பியுங்கள். மலிவு, கையாள்வதும் காட்மியம் அளவுக்கு ஆபத்தில்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தரவு நிறைய இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மண்புழுவை வைத்துச் செய்யும் சோதனைக்கு ஓஇசிடி (பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு) வகுத்த பொது வழிமுறை 1984-லிருந்தே உண்டு, ஸ்ப்ரிங்டெயில் என்ற மண்ணில் துள்ளும் சிற்றுயிருக்கு 2009-ல் வந்தது. ஐசோபாட்டுக்கு அப்படி ஓர் ஓஇசிடி வழிமுறை கிடையாது. ஸ்லொவீனியாவில் லூப்லியானா பல்கலைக்கழகத்தில் டாம்யானா ட்ரோப்னே குழு ஒரு மாதிரி செய்கிறது, போர்ச்சுகலில் வேறு மாதிரி செய்கிறார்கள். அதனால் என்ன செய்தீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் எழுதி வைப்பது உங்கள் தலையில் விழுகிறது.

ஐரோப்பாவில் பெரும்பாலும் போர்செல்லியோ ஸ்கேபர்தான், அது குளிர்ப்பிரதேசத்து ஆள். நம் ஊரில் செய்கிறவர்களுக்குப் போர்செல்லியோனிடிஸ் ப்ருயினோசஸ் தோது. உலகம் முழுக்கப் பரவிய இனம், குப்பைமேடும் எருக்குழியும் அதற்குச் சொந்த வீடு. உடம்பில் திராட்சைப் பழத்து மாவு மாதிரி நீலச்சாம்பல் பூச்சு இருக்கும், பிடிக்கப் போனால் உருளாது, ஓடும். என்ன ஓட்டம்! ஆனால் நீங்களாகவே இனத்தை முடிவு செய்ய வேண்டாம், தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

வளர்ப்பு

தோட்டத்தில் பிடித்ததை அன்றைக்கே சோதனைக்குப் போடாதீர்கள். அந்தத் தோட்டத்தில் போன வாரம் யார் என்ன மருந்து அடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அடியில் நாலு விரல் மருந்து படாத தோட்டத்து மண், மேலே மட்கிய சருகு, ஒளிய மரப்பட்டை இரண்டு துண்டு. பெட்டியின் ஒரு பாதியை ஈரமாகவும் மறு பாதியைக் கொஞ்சம் காய்ந்தும் வையுங்கள், வேண்டியதை அது தேர்ந்துகொள்ளும். முட்டை ஓட்டுப் பொடி கொஞ்சம் தூவினால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். வாரம் ஒருமுறை கேரட் சீவல், அழுகுவதற்குள் எடுத்துவிட வேண்டும். 20 முதல் 25 டிகிரி வரை போதும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் இதை ஆரம்பிப்பதற்குப் பேசாமல் ஜூலை வரை காத்திருக்கலாம்.

குறைந்தது மூன்று வாரம் இப்படி இருக்கட்டும். இதற்குள் செத்தது சாகும், நோய் இருந்தால் தெரியும். பளபளவென நீலமாகவோ ஊதாவாகவோ ஒன்று ஓடினால், அழகாக இருக்கிறதே என்று தனியாக எடுத்து வளர்க்கத் தோன்றும். அது இரிடோவைரஸ் தாக்கிய பிராணி. உடனே அப்புறப்படுத்துங்கள். பெட்டியிலேயே பிறந்த குட்டிகள் வளர்ந்த பிறகு அவற்றை வைத்துச் செய்தால் இன்னும் நல்லது, பொறுமை இருந்தால்.

சருகு

ஐரோப்பிய ஆய்வுகளில் ஹேசல், ஆல்டர் இலைகளைப் பார்ப்பீர்கள். அதற்காகத் தபாலில் வரவழைக்க வேண்டாம். நம் பக்கத்தில் நாட்டு வாதுமை இலை பெரிதாக, ஒரே கனமாகக் கிடைக்கிறது. புங்கம் இலையும் முயன்று பார்க்கலாம். எதுவானாலும் ஐந்தாறு பிராணிகளை வைத்து ஒரு வாரம் தின்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேப்பிலை மட்டும் வேண்டாம், அதிலிருக்கும் அசாடிராக்டின் பூச்சிகளின் வாயையே கட்டிப்போடும் சரக்கு. அதன் மேல் துத்தநாகத்தைத் தடவிவிட்டு எது எதன் விளைவு என்று பிரிக்க முடியாது.

நேற்று விழுந்த இலையை இதுகள் சீண்டாது. மழையில் நனைந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறி, நரம்புக்கு நடுவே மெத்தென்று ஆன சருகுதான் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மரத்தடியில், ஒரே நாளில் பொறுக்குங்கள், சாலையோர மரம் கூடாது. கழுவி, நிழலில் உலர்த்தி, நடு நரம்பை ஒதுக்கி, ஏறக்குறைய 100 மில்லிகிராம் துண்டுகளாக வெட்டுங்கள். சில துண்டுகளைத் தனியே எடுத்து, இயற்கையாகவே அதில் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்று ஏஏஎஸ் கருவியில் (உலோகத்தின் அளவைக் காட்டும் கருவி) அளந்துவிடுங்கள். சருகில் பூஜ்யம் என்று எப்போதும் இருக்காது.

எடை போடுவதில் ஒரு வம்பு உண்டு. ஓவனில் காயவைத்தால் கணக்கு சுத்தம், ஆனால் சருகின் மேலிருக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும், அதற்காகத்தானே பிராணி தின்கிறது. ஆகவே நிழலில் காய்ந்த எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் பத்துத் துண்டுகளை மட்டும் 60 டிகிரி ஓவனில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்து, காற்றில் உலர்ந்த எடைக்கும் உண்மையான உலர் எடைக்கும் விகிதம் கண்டுபிடித்து, அந்த விகிதத்தால் எல்லாத் துண்டையும் பெருக்கிவிடலாம். மழைக்காலத்தில் ஓவனிலிருந்து எடுத்த சருகைத் தராசில் வைத்துப் பாருங்கள், கண் முன்னாலேயே கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போகும், காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிறது. டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்து மூடிய கண்ணாடிப் பாத்திரம்) ஆறவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, சட்டென்று எடை போடுங்கள்.

மருந்து தடவுதல்

துத்தநாக சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் எடுத்துக்கொள்வோம். உப்பின் எடை வேறு, துத்தநாகத்தின் எடை வேறு, புதியவர்கள் வழுக்கி விழும் முதல் இடம் இது. மூலக்கூறு எடை 287.5, அதில் துத்தநாகம் 65.4, அதாவது 22.7 சதவீதம்தான். 1.76 கிராம் உப்பைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கினால் ஒரு மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம் துத்தநாகம் வரும். இதில் 100 மைக்ரோலிட்டரை 100 மில்லிகிராம் சருகில் தடவினால், சருகில் ஒரு கிராமுக்கு 4000 மைக்ரோகிராம். இந்தக் கரைசலைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போனால் 2000, 1000, 500, 250 கிடைக்கும். கன்ட்ரோலுக்கு வெறும் காய்ச்சி வடித்த நீர், அதே அளவு.

துண்டு 93 மில்லிகிராம் இருந்தால் 93 மைக்ரோலிட்டர்தான். எல்லாவற்றுக்கும் 100 என்று விட்டால் செறிவு கெட்டுவிடும். இலையின் அடிப்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் சமமாகப் பரப்புங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் தனிப் பிரஷ், குறைந்த செறிவிலிருந்து கூடியதற்குப் போக வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். செறிவுக்கு இரண்டு மூன்று துண்டுகளைப் பிராணிக்குப் போடாமல் எடுத்துவைத்து அளந்தால், நீங்கள் தடவியதாக நினைத்ததும் உண்மையில் இருப்பதும் ஒன்றா என்று தெரிந்துவிடும்.

பிராணியைத் தேர்ந்தெடுத்தல்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொன்றையும் மென்மையாகப் பிடித்து மல்லாத்தி லென்ஸில் பாருங்கள். கால்களுக்கு நடுவே இளமஞ்சளாகப் பை தொங்கினால் அது சினை. தாய் தன் குஞ்சுகளை அந்தப் பையிலேயே சுமக்கும், அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது சட்டை உரிப்பு. பாம்பு மாதிரி ஒரே மூச்சில் உரிக்காது: முதலில் பின்பாதி, ஒரு நாள் போல இடைவெளி விட்டு முன்பாதி. உரிக்கப்போகிற பிராணி சாப்பாட்டை நிறுத்திவிடும், உங்கள் சோதனையில் அது நஞ்சு தின்று சுருண்ட மாதிரியே தெரியும். ஆனால் பல நாள் முன்பே அது துப்புக் கொடுக்கிறது. பழைய ஓட்டிலிருந்து எடுத்த சுண்ணாம்பை வயிற்றின் முன்பக்கத் தட்டுகளில் சேமித்து வைக்கும், அங்கே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பட்டைகள் தெரியும். தெரிந்தால் ஒதுக்குங்கள். வாலருகே இரண்டு சோடி வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும், அது மூச்சு உறுப்பு, எல்லாவற்றுக்கும் எப்போதும் உண்டு. எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு தம்பி அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு வளர்ப்புப் பெட்டி முழுவதையுமே "உரிக்கப் போகுது அண்ணா" என்று ஒதுக்கிவிட்டான். முன்பக்கம் சுண்ணாம்பு, பின்பக்கம் மூச்சு. இதை ஒரு சீட்டில் எழுதி லென்ஸில் ஒட்டிவிடுங்கள்.

உணர்கொம்பு உடைந்தது, கால் போனது எல்லாம் கழித்த பிறகு ஒரே அளவுள்ளவற்றை எடுங்கள். ப்ருயினோசஸ் என்றால் 15 முதல் 25 மில்லிகிராம், ஸ்கேபர் என்றால் 30-க்கு மேல். ஈரமான தட்டில் சாப்பாடில்லாமல் ஒரு நாள் வைத்து வயிற்றைக் காலி செய்த பிறகு எடை போடுங்கள். தராசில் ஓடும், அதற்குச் சின்னக் குப்பியில் போட்டு மூடிக்கொள்ளலாம்.

தட்டுகளை அமைத்தல்

ஒரு தட்டுக்கு ஒரு பிராணி, ஒரு சருகு. 9 சென்டிமீட்டர் கண்ணாடிப் பெட்ரி தட்டு போதும். ஃபில்டர் பேப்பர் வேண்டாம், ஏன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தினமும் மூடியின் உள்பக்கம் காய்ச்சி வடித்த நீரை இரண்டு முறை தெளித்தால் ஈரத்துக்கு அதுவே போதும். சருகின் மேல் தெளித்தால் தடவிய துத்தநாகம் கழுவிக்கொண்டு போய்விடும். தட்டுகளையெல்லாம் அடியில் ஈரமுள்ள பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் அடுக்கி மூடுங்கள். 20 முதல் 22 டிகிரி, 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு.

செறிவுக்குப் பன்னிரண்டு தட்டு என்று வைத்தால், கன்ட்ரோலோடு ஆறு குழு, 72 தட்டு. முதல் தடவைக்கு இது அதிகம், 0, 500, 2000 என்று மூன்று குழுவோடு பழகுங்கள். ஆனால் எத்தனை குறைத்தாலும் ஆளில்லாத தட்டுகளைக் குறைக்காதீர்கள். அதாவது சருகு மட்டும் இருந்து பிராணி இல்லாத தட்டு, செறிவுக்கு ஐந்து. ஈரத்தில் கிடக்கும் சருகு தானாகவே எடை இழக்கும், நுண்ணுயிர் தின்னும், கரைந்தும் போகும். கன்ட்ரோலுக்கு மட்டும் இதை வைத்தால் போதாதா என்று கேட்பார்கள், போதாது. துத்தநாகம் நுண்ணுயிரையும் அடக்கும், ஆக ஒவ்வொரு செறிவிலும் அந்தத் தானிழப்பு வேறு வேறாக இருக்கலாம்.

பதினான்கு நாள்

தினமும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். உயிரோடு இருக்கிறதா, சட்டை உரித்ததா, சருகில் பூசணம் பிடித்ததா, மூன்றையும் எழுதுங்கள். புழுக்கையை மெல்லிய பிரஷ்ஷால் தள்ளி, எடை தெரிந்த அலுமினியத் தாள் கிண்ணத்தில் சேருங்கள். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதையே மறுபடி தின்றுவிடும், இதுகளின் பழக்கம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்தால் அந்த நாளின் புழுக்கைக் கணக்கு போச்சு. இரண்டு பேர் முறை வைத்துச் செய்வது நல்லது.

பதினைந்தாம் நாள் காலை பிராணியை எடை போட்டு, மிச்சச் சருகையும் புழுக்கையையும் 60 டிகிரியில் உலர்த்தி எடை போடுங்கள்.

கணக்கு

எண்கள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டும். சருகு ஆரம்பத்தில் உலர் எடை 100 மில்லிகிராம், முடிவில் 72. பிராணி 40 மில்லிகிராம். புழுக்கை 16. குறைந்தது 28, அதை 40-ஆல் வகுத்து 14 நாளால் வகுத்தால், உடல் எடையில் ஒரு மில்லிகிராமுக்கு நாளொன்றுக்கு 0.050 மில்லிகிராம் தின்றது என்று வரும். தின்றதில் புழுக்கையாகப் போகாதது 12, அதாவது 43 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது ஆளில்லாத தட்டைப் பாருங்கள், சருகு தானாகவே 6 சதவீதம் இழந்திருக்கிறது. அப்படியானால் தொடக்கம் 94, தின்றது 22 மட்டும், நாளொன்றுக்கு 0.039. உடம்பில் சேர்ந்தது 6, அதாவது 27 சதவீதம். ஆறே சதவீதத் திருத்தம், உடம்பில் சேர்ந்த விகிதம் 43-லிருந்து 27-க்கு இறங்கிவிட்டது. புழுக்கை தின்றதைவிட அதிகம் என்று கணக்கு வந்தால் பயப்பட வேண்டாம், தொடக்கத்தில் வயிறு காலியாகவில்லை, அல்லது வேறு எதையோ தின்றிருக்கிறது. எனக்கு வந்தது அந்த ரகம்தான்.

கன்ட்ரோலை முதலில் பாருங்கள், மற்றதைப் பிறகு. கன்ட்ரோலில் பத்தில் ஒன்றுக்கு மேல் செத்திருந்தால் நான் மறுபடி ஆரம்பிப்பேன். கன்ட்ரோலிலேயே சில ஒன்றும் தின்னாமல் சில அள்ளித் தின்றிருந்தால் சருகு சரியில்லை, வேறு சருகு தேடுங்கள். நடுவில் சட்டை உரித்தவற்றைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைத்து, எல்லாக் குழுவுக்கும் அதே விதியைப் போடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு "இது ஒத்துவரவில்லை, இதை விடலாம்" என்று ஆரம்பித்தால் அப்புறம் அது ஆய்வு இல்லை. ஒவ்வொரு செறிவையும் கன்ட்ரோலோடு ஒப்பிட டன்னெட் சோதனை என்ற புள்ளியியல் முறை போதும். ஐந்து செறிவு இருந்தால் தின்பது பாதியாகும் செறிவை ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் டிஆர்சி (drc) தொகுப்பை வைத்து எடுக்கலாம்.

குறைவாகத் தின்றதற்கு என்ன அர்த்தம்

2000 மைக்ரோகிராம் செறிவில் பாதிதான் தின்றது என்று வந்துவிட்டது, சரி. விஷம் ஏறிப் பசி போனதா, அல்லது வாயில் வைத்ததும் பிடிக்காமல் ஒதுக்கிவிட்டதா? இரண்டும் ஒன்றல்ல. ஒதுக்குகிற பிராணி உடம்புக்குள் நஞ்சே போகாமல், வெறும் பட்டினியால் மெலியும். பிரித்துப் பார்க்க இரண்டு வழி. ஒன்று, தட்டில் ஒரு பக்கம் தடவிய சருகு, மறுபக்கம் தடவாதது. சுத்தமானதை மட்டும் வழக்கம்போல் தின்றால் அது ருசி பார்த்து ஒதுக்குகிறது. இன்னொன்று, மருந்தே இல்லாமல் சருகையும் பாதியாகக் கொடுத்து ஒரு பட்டினிக் குழு வைப்பது. எடை குறைவது இரண்டிலும் ஒரே அளவென்றால் நீங்கள் அளந்தது பெரும்பாலும் பட்டினியைத்தான். வசதி இருந்தால் செரிமானச் சுரப்பியை எடுத்து அதில் சேர்ந்த துத்தநாகத்தை அளந்துவிடலாம். நாலு மஞ்சள் குழாய்கள், தலையைப் பிடித்து இழுத்தால் பல நேரம் அப்படியே கூட வந்துவிடும்.

ஒன்றும் நடக்கவில்லை என்று வந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். லூப்லியானாவில் பிளாஸ்டிக் பையிலிருந்தும் முகம் கழுவும் கிரீமிலிருந்தும் எடுத்த மைக்ரோபிளாஸ்டிக்கை ஸ்கேபருக்குக் கொடுத்துப் பார்த்து, தின்பதில் பாதிப்பு இல்லை என்பதையே 2018-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

முடிந்ததும் பிராணிகளை உறையவைத்து, சருகோடும் புழுக்கையோடும் உலோகக் கழிவு டப்பாவில் போடுங்கள், கழுவுதொட்டியில் கொட்டக் கூடாது. கன்ட்ரோலில் பிழைத்தவை பாவம், அதில் நஞ்சில்லை என்று வளர்ப்புப் பெட்டிக்கே திருப்பிவிடத் தோன்றும். தனிப் பெட்டியில் விடுங்கள். அடுத்த சோதனையில் அதே ஆள் மறுபடி உங்கள் கையில் வந்து சேர்ந்தால் அடையாளம் தெரியாது.